பால்பீலியில் செத்துப்போனவள்

பால்பீலி அருவியைப் பற்றி மூன்று கதைகள் உண்டு. மூன்றிலும் ஒரு பெண் செத்துப்போகிறாள். பெண்ணொருத்தி சாகாவிட்டால் அங்கே தண்ணீரே விழாது என்று நினைத்தார்களோ என்னவோ.

முதல் கதை துரைமார்களுடையது. தேயிலை வருமுன் கோப்பி பயிரிட்ட காலத்தில் அந்தக் காட்டை அழித்த வெள்ளைக்காரத் துரை ஒருவர், கப்பலில் வரும்போதே காய்ச்சல் கண்டு இறந்துபோன தன் மனைவியின் பெயரை அருவிக்குச் சூட்டினாராம். அந்த அம்மாள் அருவியைக் கண்ணால் கண்டதில்லை. இருந்தும் அவள் வெள்ளை உடுப்போடு பாறைமேல் நிற்பதைக் கிளப்பில் விஸ்கி குடித்துவிட்டுத் திரும்பிய பலர் பார்த்திருக்கிறார்கள். இரண்டாவது கதை அடிவாரத்துச் சிங்களக் கிராமத்துடையது. கண்டி ராஜா காலத்தில் ஒரு இளவரசி மணக்கோலத்தோடு குதித்தாளாம். எந்த ராஜா, எந்த இளவரசி என்று கேட்டால் ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள். மூன்றாவது கதை தேயிலைத் தோட்டத்து ஆட்களுடையது. அதில் செத்துப்போனவள் பெயர் வேலாயி.

வேலாயி சாகவில்லை.

அவள் அருவிக்கு மேலே இருந்த மேட்டுத்தோட்டத்தில் பிறந்தவள். அங்கேயே கொழுந்தெடுத்து, அங்கேயே ஆண்டியப்பனுக்கு வாழ்க்கைப்பட்டாள். ஆண்டியப்பன் கவ்வாத்து வெட்டுகிறவன். அவன் கத்தி பிடித்தால் ஒரு செடியிலும் தேவைக்கு மேல் வெட்டு விழாது என்று கங்காணி மெச்சுவார். அந்த நிதானமெல்லாம் செடிகளோடு சரி. ரொட்டி கருகிப்போனதற்காக ஒருநாள் விறகுக்கட்டையால் வேலாயியின் இடது மணிக்கட்டை அடித்து உடைத்தான். தோட்டத்து மருந்துக்காரர் இரண்டு பலகைத் துண்டை வைத்துக் கட்டி அனுப்பினார். எலும்பு கோணலாகவே கூடிற்று. எப்படி உடைந்தது என்று கேட்டால் வழுக்கி விழுந்ததாகச் சொல்லவேண்டுமென்று ஆண்டியப்பன் சொல்லிக்கொடுத்திருந்தான். மருந்துக்காரர் கேட்கவேயில்லை.

நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்து இரண்டு வருஷமாகியிருந்த ஒரு மழைக்காலம். கொழுந்து நிறுக்கும் பகல் நிறுவைக்குப் போகிற வழியில் வேலாயி பால்பீலியின் தலைப்பாறையில் கூடையை இறக்கி வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கக் குனிந்தாள். பாசி பிடித்த பாறை. கூடை சறுக்கிக்கொண்டு போய், அவள் கையை நீட்டுவதற்குள் கொழுந்தோடு விளிம்பைத் தாண்டி விழுந்துவிட்டது.

அவள் அங்கேயே உட்கார்ந்து யோசித்தாள். கூடையும் கொழுந்தும் இல்லாமல் போனால் கணக்கப்பிள்ளை அன்றைய பேரை வெட்டிவிடுவார். சம்பளம் கிடையாது. அதைக் கேட்டால் ஆண்டியப்பன் சும்மா இருக்கமாட்டான். அவளுக்கு இன்னும் ஒரு மணிக்கட்டு நேராக இருந்தது.

கீழே இறங்கினால் நிறுவைக் கொட்டில். மேலே ஏறினால் காடு, காட்டுக்கு அந்தப்பக்கம் ரோடு. வேலாயி மேலே ஏறினாள். நடந்தது இவ்வளவுதான். அவள் வானத்தைப் பார்த்துக் கும்பிடவில்லை. புருஷன் பெயரைச் சொல்லி அழவில்லை. ரோட்டில் மரக்கறி ஏற்றிக்கொண்டு போன லொறிக்காரன் இரக்கப்பட்டு ஏற்றிக்கொண்டான். டயகமத் தோட்டத்தில் அவளுடைய சின்னம்மா மீனம்மா இருந்தாள்.

மறுநாள் கூடை அருவியடியில் அகப்பட்டது. பிணம் அகப்படவில்லை. தேடுவதற்கு யாரும் அவ்வளவாக மெனக்கெடவுமில்லை. சில வாரங்கள் கழித்து மீனம்மா செய்தி கொண்டுவந்தாள்.

"ஏண்டி, நீ பீலியில குதிச்சிட்டேன்னு கருமாதியே பண்ணிட்டாங்களாம்டி."

"நல்லதாப் போச்சு," என்றாள் வேலாயி.

தாய்தகப்பன் முன்பே போய்ச்சேர்ந்திருந்தார்கள். அவளுக்காக அழ ஆளில்லை என்பதில் அன்றைக்கு அவளுக்கு ஒரு நிம்மதி. டயகமவில் வேலைக்குப் பெயர் பதிந்தாள். தேயிலை அரைக்கும் ஸ்டோரில் வேலை செய்த அழகுமுத்துவோடு சேர்ந்து வாழத் தொடங்குமுன் எல்லாவற்றையும் அவனிடம் சொன்னாள். அவன் கேட்டுவிட்டு, "செத்தவளக் கட்டுறதுல ஒரு வசதி இருக்கு. மொதப் புருசன் தேடி வரமாட்டான்," என்று மட்டும் சொன்னான். இரண்டு பிள்ளைகள் பிறந்தன. வேலாயி பால்பீலியை மறந்துபோனாள்.

பால்பீலி அவளை மறக்கவில்லை. அதற்குக் காரணம் அட்டன் கடைவீதியில் பலசரக்குக் கடை வைத்திருந்த வைரவன் முதலாளி. கொழும்பிலிருந்து வரும் கார்கள் அருவியைப் பார்க்க நிற்பதைக் கண்டு அவர் ரோட்டோரத்தில் ஒரு தேத்தண்ணிக் கடை போட்டார். கார்க்காரர்கள் படம் பிடித்தார்கள், 'ஆகா' என்றார்கள், பங்களாவில் போய்த் தேத்தண்ணி குடித்தார்கள். தோட்டத்துச் சனங்களோ நிற்பதேயில்லை. விழுகிற தண்ணீரை வேலை மெனக்கெட்டு யார் பார்ப்பார்கள்? தண்ணீர் அவர்கள் குடியிருந்த லயத்துக் கூரையிலிருந்தே ராத்திரி பகலாக விழுந்துகொண்டிருந்தது. சாமி இருந்தால்தான் இந்தச் சனம் நிற்கும் என்று முதலாளிக்குப் புரிந்தது. சாமிக்குக் கதை வேண்டும். கதை, கசிப்புக் குடித்து வேலை போன ஆண்டியப்பன் உருவத்தில் அவர் கடை வாசலிலேயே விழுந்து கிடந்தது.

இப்படியாக ஆண்டியப்பன் பூசாரியானான்.

பதினோரு பன்னிரண்டு வருஷம் கழித்து, சிவனொளிபாதமலைக்குச் சனங்கள் போகும் பருவத்தில், டயகம ஆட்கள் ஒரு பஸ் பிடித்துப் புறப்பட்டார்கள். அழகுமுத்துவுக்கு ஸ்டோரில் வேலை. பிள்ளைகளை அவனிடம் விட்டுவிட்டு வேலாயி லயத்தில் பக்கத்துக் காம்பராவில் குடியிருந்த ராக்காயியோடு ஏறிக்கொண்டாள். தலவாக்கலை, அட்டன், நோர்வூட் எல்லாம் கடந்து மஸ்கெலியா ரோட்டில் போகும்போது டிரைவர் வண்டியை ஓரங்கட்டினான்.

"அம்மன கும்பிட்டுட்டு வாங்க. கும்பிடாமப் போனா மலையில ஏறவிட மாட்டா."

"எந்த அம்மன்?" என்று கேட்டாள் வேலாயி.

"என்னாக்கா இது தெரியாதா? பால்பீலி அம்மன். புருசனுக்காகக் குதிச்சு உசிர விட்டவங்க," என்றாள் ராக்காயி. "எங்க மச்சினிக்கு இங்க நேந்துக்கிட்டுத்தான் புள்ள தங்குச்சு."

வேலாயி சன்னல் வழியே பார்த்தாள். அதே அருவிதான். அவள் விட்டுப்போனபோது எவ்வளவு வெள்ளையாக இருந்ததோ அவ்வளவு வெள்ளையாகவே விழுந்துகொண்டிருந்தது. இறங்கவேண்டாம் என்றுதான் நினைத்தாள். ஆனால் செத்துப்போன தன்னைப் பார்க்கிற வாய்ப்பு எத்தனை பேருக்குக் கிடைக்கிறது? முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு இறங்கினாள்.

தகரக் கூரை போட்ட சிறிய கோயில். உள்ளே ஒரு சிமெந்துச் சிலை. அட்டனில் சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கிற ஒருவன் செய்தது என்று பிறகு கேள்விப்பட்டாள். ரோசாப்பூ நிறத்தில் தோல், பச்சைப் பட்டுச் சேலை, பிடி இடுப்பு. வெயிலும் அட்டைக்கடியும் ஒருநாளும் பட்டிராத கால்கள். காலடியில் ஒரு சிமெந்துக் கூடை. வேலாயி கைகளைத்தான் பார்த்தாள். வளையல் போட்ட இரண்டு மணிக்கட்டும் நேராக இருந்தன.

சிலைக்குப் பக்கத்தில் சடைமுடியும் பூசிய திருநீறுமாக ஆண்டியப்பன் நின்றான். உடம்பு தடித்திருந்தது. பக்கத்தில் ஒருவன் உடுக்கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இரண்டு மூன்று பஸ் ஆட்கள் கூடியதும் ஆண்டியப்பன் கதையைத் தொடங்கினான்.

"என்னைய நாகம் தீண்டி நான் நொர தள்ளிக் கெடந்தேன். வைத்தியரு கைய விரிச்சிட்டாரு. என் பொஞ்சாதி வேலாம்பிகை என்ன செஞ்சா? கொழுந்துக்கூடைய எறக்கி வச்சா. ஈரச் சேலையோட அந்தப் பாறையில ஏறுனா. 'தாயே, என் உசிர எடுத்துக்க, எம் புருசன் உசிரக் குடு'ன்னா. குதிச்சிட்டா! அவ விழுந்த நேரம் நான் எந்திரிச்சு உக்காந்தேன். அதுவரைக்கும் கலங்கலா ஓடுன தண்ணி அன்னையிலருந்து பாலா விழுகுது."

பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ராக்காயி விசும்பியே விட்டாள். வேலாயிக்கு முதலில் சிரிப்பு வந்தது. வேலாம்பிகையாம். செத்த பிறகு பெயரையும் வெளுத்துவிட்டார்கள்.

"சாமி," என்று கூட்டத்துக்குள்ளிருந்து கேட்டாள். "ஈரச் சேலையோட ஏறுனாங்கன்னு நீங்க எப்படிப் பாத்தீங்க? நீங்கதான் நொர தள்ளிக் கெடந்தீங்களே."

இரண்டொருவர் திரும்பிப் பார்த்தார்கள். ஆண்டியப்பன் அசரவில்லை. "கனவுல வந்து சொன்னா தாயே."

"ரொம்பப் பிரியமா இருப்பீங்களோ ரெண்டு பேரும்?"

"ஒரு சுடுசொல்லு சொன்னதில்ல."

"அடிச்சதும் இல்ல?"

"சிவசிவா," என்று காதைப் பொத்திக்கொண்டான் ஆண்டியப்பன்.

வேலாயியின் சிரிப்பு போய்விட்டது. பொய் சொல்கிறவன் கண்ணை எங்கேயாவது திருப்புவான் என்று அவள் நினைத்திருந்தாள். இவன் திருப்பவில்லை. இத்தனை வருஷம் சொல்லிச்சொல்லி இவனே நம்பிவிட்டிருந்தான்.

திருநீற்றுத் தட்டோடு அவன் வரிசையாக வந்தபோது அவள் வேண்டுமென்றே இடது கையை நீட்டினாள். "சோத்துக் கைய நீட்டு தாயே," என்று சொல்லிக்கொண்டே அவன் குனிந்தான். கோணலான மணிக்கட்டைப் பார்த்தான். முக்காட்டுக்குள் முகத்தைப் பார்த்தான். தட்டு கையிலிருந்து நழுவித் தரையில் உருண்டது.

"போயிரு," என்றான், மூச்சுக்குரலில். "ஒனக்குப் புண்ணியமாப் போகும். போயிரு."

கடையிலிருந்து இதைக் கவனித்த வைரவன் முதலாளி எழுந்து வந்தார். இரண்டு பேர் முகத்தையும் பார்த்ததும் அவருக்கு விஷயம் விளங்கிவிட்டது. வேலாயியைக் கோயிலின் பின்பக்கம் கூட்டிப் போனார். அவர் பதறவில்லை. மரியாதையாகவே பேசினார்.

"நீதான் வேலாயின்னே வச்சிக்குவோம். இப்ப நான் என்னம்மா செய்யணும்?"

"சிலைய எடுத்துருங்க மொதலாளி. நான் அவனுக்காகச் சாகல. அவனுக்காக ஒரு சுடுதண்ணி வைக்கக்கூட எனக்கு இஷ்டமில்ல."

"எடுத்துட்டு? வெளியில நிக்கிற சனத்தப் பாத்தியா? பிரசாவுரிமை இல்ல, ஓட்டு இல்ல, என்னைக்கு இந்தியாவுக்குக் கப்பல்ல ஏத்துவாங்களோன்னு வயித்துல நெருப்பக் கட்டிக்கிட்டு இருக்காங்க. இந்த நாட்டுல நம்ம பொம்பள ஒருத்திக்குன்னு ஒரு கல்லு நிக்குது. அதையும் ஒடைக்கச் சொல்றியே."

"செத்தாத்தான் கல்லு நடுவீங்களா?"

"உசிரோட இருக்கவளுக்கு யாரும்மா நட்டிருக்கா?" என்றார் முதலாளி. பிறகு கடைப்பையனைக் கூப்பிட்டு, "அம்மாவுக்கு ஒரு பிளேன்டீ போடு, சீனி கூடப் போடு," என்றார்.

அந்தச் சீனிதான் வேலாயியை எரித்துவிட்டது. அவள் தேத்தண்ணிக்குக் காத்திராமல் கோயில் முன்பக்கம் வந்தாள். முக்காட்டை உதறினாள். சிலைக்கு முன்னால் நின்றுகொண்டு உரக்கச் சொன்னாள்:

"எல்லாரும் கேட்டுக்குங்க. நாந்தான் வேலாயி. நான் குதிக்கல. கூடை விழுந்துச்சு, நான் நடந்து போயிட்டேன். இந்தா, இந்தக் கைய ஒடைச்சவன் இவன்தான். இவனப் பாம்பும் கடிக்கல, பல்லியும் கடிக்கல. கசிப்புத்தான் கடிச்சுச்சு!"

எல்லோரும் அவளையே பார்த்தார்கள். இப்போதாவது ஒருத்தி ஆண்டியப்பனைப் பார்த்து ஏண்டா என்று கேட்பாள் என்று வேலாயி எதிர்பார்த்தாள்.

முன்வரிசையில் நின்ற ஒரு பெண் இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கினாள்.

"தாயே! வந்துட்டியா தாயே!"

உடுக்கைக்காரன் உடுக்கையை அடிக்கத் தொடங்கினான். அவன் தொழில் அது. யாரோ ஒரு குடம் மஞ்சள் தண்ணீரை வேலாயியின் தலையில் கவிழ்த்தார்கள். இன்னொருத்தி வேப்பிலையை அவள் கையில் திணித்தாள்.

"ஏய், எனக்குச் சாமியும் வரல பேயும் வரல! நான் டயகமவில கொழுந்தெடுக்கிறவ. ராக்காயி, சொல்லுடி!"

ராக்காயி அழுதுகொண்டே கூட்டத்துக்குச் சொன்னாள். "ஆமாங்க. எங்க லயம்தான். இவங்க பேரும் வேலாயிதாங்க. பேரப் பாத்துத்தான் அம்மா எறங்கிட்டா!"

கூட்டம் குலவையிட்டது. தலையிலிருந்து மஞ்சள் தண்ணீர் சொட்டச்சொட்ட வேலாயி வாய்க்கு வந்தபடி திட்டினாள். முதலாளியைத் திட்டினாள், சிலையைத் திட்டினாள், வாயைப் பிளந்து நின்ற சனங்களையும் திட்டினாள். திட்டத் திட்ட அவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அம்மன் கோபமாக இருக்கிறாள் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். தான் சொல்வது ஒவ்வொன்றும் காதுவரை போய் அங்கே வேறொன்றாக மாறுவதை அவள் பார்த்தாள். இனி என்ன சொன்னாலும் ஒன்றுதான்.

அப்போது அவளுக்கு வேறொன்று தோன்றியது. ஆண்டியப்பன் பக்கம் திரும்பினாள்.

"விழுடா கால்ல."

அவன் முதலாளியைப் பார்த்தான். முதலாளி தலையை அசைத்தார். ஆண்டியப்பன் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான்.

"என்ன செஞ்சேன்னு சொல்லு."

"தப்புப் பண்ணிட்டேன் தாயே."

"என்ன தப்புடா?"

அவன் முகம் சேற்றில் கிடந்தது. "கைய ஒடைச்சேன். பொய் சொல்லச் சொன்னேன். பொய் சொல்லியே தின்னேன். மன்னிச்சிரு."

கூட்டம் அதையும் பூசையில் ஒரு பகுதியாக எடுத்துக்கொண்டது. அவன் குரல் உடைந்தது நிஜம். அது மனம் உடைந்ததாலா, முதலாளி பார்த்துக்கொண்டிருந்ததாலா என்று வேலாயிக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ள அவள் விரும்பவுமில்லை. இத்தனை வருஷத்தில் எப்போதாவது இவனை இப்படிப் பார்க்கவேண்டுமென்று நினைத்திருக்கிறாள். பார்த்தபோது, காலில் ஒட்டிய அட்டையைப் பார்க்கிற மாதிரிதான் இருந்தது. அவனைத் தாண்டி நடந்து போய் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

வண்டி புறப்பட்ட பிறகு ராக்காயி சீட்டில் உட்காராமல் அவள் காலடியில் உட்கார்ந்தாள்.

"எந்திரிடி. நான் சொன்னதெல்லாம் நெசம்டி."

"தெரியும்க்கா."

"என்ன தெரியும்?"

"அம்மா எறங்குனவங்களுக்கு அப்புறம் ஒண்ணும் ஞாபகம் இருக்காதாம்," என்று சொல்லி ராக்காயி அவள் பாதத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். வேலாயி அவள் கையில் ஓங்கி ஒரு அடி போட்டாள். ராக்காயி அந்தக் கையையும் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

மலையேறும்போது பெண்கள் அவள் மூட்டையைப் பிடுங்கிச் சுமக்கப் பார்த்தார்கள். அவள் கொடுக்கவில்லை. வீட்டுக்கு வந்து அழகுமுத்துவிடம் சொன்னபோது அவன் விழுந்து விழுந்து சிரித்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திவிட்டு, "அவன் கால்ல விழுந்தானா, இல்லியா?" என்றான்.

"விழுந்தான்."

"அப்பறம் என்ன?"

"அது என் கால்ல விழுந்ததில்ல. அந்தச் சிமெந்துக்காரி கால்ல விழுந்தது."

அழகுமுத்து அதற்குப் பிறகு சிரிக்கவில்லை.

அவள் உடைக்க நினைத்த கோயில் அந்த வருஷமே பெரிதாயிற்று. அம்மனே வந்து பேசிய இடம் என்று பண்டாரவளையிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்தார்கள். வைரவன் முதலாளி தகரக் கூரையை மாற்றி ஓடு போட்டார். அம்மனே கோபித்துக்கொண்ட பூசாரியை வைத்திருந்தால் சரிவராது என்று ஆண்டியப்பனை அனுப்பிவிட்டு, குரல்வளமுள்ள வேறொருவனைக் கொண்டுவந்தார். கதையில் கணவன் பாம்பு கடித்துச் செத்தே போய்விட்டான், இருவரும் சேர்ந்தே சொர்க்கம் போனார்கள் என்று மாற்றியாயிற்று. ஆண்டியப்பன் மஸ்கெலியாக் கடைவீதியில் மூட்டை தூக்குகிறான் என்று யாரோ வந்து சொன்னார்கள்.

"தூக்கத் தெரியுதுல்ல, தூக்கட்டும்," என்றாள் வேலாயி.

டயகமவில் அவள் பாடு திண்டாட்டமாயிற்று. தேயிலை மலையில் பெண்கள் தங்கள் முதல் பிடிக் கொழுந்தை அவள் கூடையில் போட்டுவிட்டுப் போனார்கள். அவள் அதை எடுத்து அவர்கள் கூடையிலேயே திரும்பக் கொட்டினாள். பிள்ளைக்கு மாந்தம் என்றும், மாடு கறக்கவில்லை என்றும் காம்பரா வாசலில் வந்து நின்றார்கள். மாந்தத்துக்கு ஆஸ்பத்திரிக்குப் போ, மாட்டுக்குப் புல்லுப் போடு என்று விரட்டினாள். சொன்னபடி செய்ததில் சில பிள்ளைகளுக்குச் சுகமும் ஆனது. அந்தப் பேரும் அருவிக்கே போனது.

மறு வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நோர்வூட் பக்கத்திலிருந்து ராசம்மா என்று ஒரு பெண் பஸ் ஏறி வந்தாள். ஒரு கன்னம் வீங்கி, கண் பாதி மூடியிருந்தது. வாசலில் தேங்காய் பழத்தை வைத்துக் கும்பிட்டாள்.

"பால்பீலிக்கும் போய்ட்டு வந்தேன் தாயே. ஒரு மண்டலம் வெளக்கும் போட்டேன். அவரு திருந்தல. நீங்க ஒரு வாக்குச் சொன்னா திருந்திருவாரு."

"பீலிகிட்டப் போயி கேட்டா அது என்ன சொல்லும்? சோன்னு கத்தும்," என்றாள் வேலாயி. "அவன் திருந்தமாட்டான்."

ராசம்மா திகைத்துப்போய் நின்றாள். அம்மன் வாக்கு இப்படியா இருக்கும்?

"திரும்பிப் போவணுமா ஒனக்கு?"

ராசம்மா தேங்காயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு இல்லையென்று மெல்லத் தலையசைத்தாள்.

"அப்ப வாசல்ல நிக்காத, உள்ள வா. நாளைக்குக் காலையில ஆள் கூப்பிடுற பெரட்டுல கங்காணிகிட்டப் பேசுறேன், பேரு பதிய முடியுமான்னு பாப்போம்." வேலாயி அடுப்பங்கரைப் பக்கம் போனாள். "ரொட்டி கொஞ்சம் கருகித்தான் இருக்கு. பரவால்ல, தின்னு."